ஊர் பேர் இல்லாத கடிதம்

ஏரியூர் சாலை பிரியும் இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கவுஸ் பாஷாவை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவரைப் போல நல்ல மனிதரைப் பார்த்ததும் இல்லை. சுற்றியுள்ள நாலு ஊர்க் கடிதங்களும் அவர் கடைக்குத்தான் வரும். தபால்காரர் ஊர் ஊராக நடக்கச் சோம்பி, கடிதக் கட்டை அங்கே போட்டுவிட்டுப் போய்விடுவார். பாஷா சுவரில் நாலு கம்பி அடித்து, ஊர்வாரியாகக் குத்தி வைப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் சொல்வார்.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான் கெடுத்தது. ஊர் பேர் எழுதாத கடிதமெல்லாம் கோட்டமேட்டுக் கம்பிக்குப் போகும். பெரிய ஊர், ஆள் அங்கேதான் இருப்பான் என்பது அவர் எண்ணம். எங்கள் பக்கமோ மலைமேல் இருக்கும் மாதையன் சாமி பேரை வைத்து வைத்து, தெருவுக்கு நாலு மாதையன்.

எண்பத்து நாலில் பள்ளக்காட்டு மாதையன் மகன் தர்மனும் கோட்டமேட்டு மாதையன் மகள் சின்னம்மாளும் ஓடிப்போனார்கள். சாதி வேறு. பெண்ணைப் பெற்றவர் ஒரு மாதம் அரிவாளோடு அலைந்தார்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலை அந்தக் கோட்டமேட்டு மாதையன் பஞ்சர் ஒட்ட வந்தார். அவர் ஊர்க் கம்பியில் 'மாதையன்' என்று மட்டும் எழுதிய கடிதம் இருந்தது. பயத்தில் தர்மன் தன் பேரையும் உறைமேல் எழுதவில்லை. அவருக்கு வந்தது என்று பாஷா பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"அப்பாவுக்கு, நானும் சின்னம்மாளும் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம்..."

பாஷாவின் வாய் அப்போதுதான் நின்றது.

"இன்னைக்கு வியாழந்தானுங்களா பாய்?" என்று மாதையன் அமைதியாகக் கேட்டார். டயர் கழற்றும் இரும்புப் பட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பாஷா அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "வேண்டாங்க அண்ணா, பெத்த புள்ளைங்க." பட்டை அவர் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தும் பிடியை விடவில்லை. முகத்தில் மிதித்த பிறகுதான் கை விட்டது. பஸ் வந்து நின்றது. இறங்கி நேரே கடையைப் பார்த்து நடந்து வந்த தர்மனுக்கு முதல் அடி நெற்றியில். விழுந்தவனை அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பாஷா தவழ்ந்து போய்ச் சின்னம்மாள் மேல் படுத்துக்கொண்டார். அவர் முதுகில் விழுந்தவை அவளுக்கு விழ வேண்டியவை. கண்டக்டரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்துதான் அந்த ஆளை மடக்கினார்கள். அவள் பிழைத்தாள். தர்மன் உயிர் அங்கேயே போய்விட்டது.

மகனின் காரியம் முடிந்த மறுநாள் பள்ளக்காட்டு மாதையன் கடைக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"பாய், அந்தக் கடுதாசி எனக்கு வந்ததுதானுங்களே. போலீசு எடுத்துக்கிச்சாம். எம்புள்ள என்ன எழுதிருந்தான்னு சொல்லுங்க."

கடிதத்தின் மிச்சத்தை பாஷா ஸ்டேஷனில் படிக்கக் கேட்டிருந்தார். கட்டுப் போட்ட கையோடு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"பஸ் எறங்குனதும் நேரா பாய் கடைக்குப் போயிடுவோம்ப்பா. நீ வர்ற வரைக்கும் அவரு எங்களைப் பாத்துக்குவாருன்னு எழுதியிருந்தானுங்க."