முருகையா பேசாத கால் பங்கு

மலையகத்து ஹாலிஎல ஊரில் முருகையாவுக்குக் கல்யாணத் தரகுதான் தொழில். அப்புத்தளை வரைக்கும் கடைக்காரர், தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுக் கல்யாணங்களில் பாதி அவர் பேசி முடித்தவை. வரி கட்டும் அளவுக்கு வருமானம். கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். கூலி கேட்டால் பெண் பார்த்துத் தருகிறேன் என்பார். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் நிரஞ்சலா, அப்பாவைக் கேட்காமல் நமுனுகுல லொறி டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று வருடமாக மனிதர் அவளோடு பேசவில்லை. வீட்டுப் போனிலிருந்து அவளுக்கு யாரும் அழைப்பு எடுக்கவும் கூடாது. அவர் மனைவி கருப்பம்மா சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, றஹீம் கடைப் போனில் காசு கொடுத்து மகளிடம் பேசிவிட்டு வருவார். பெற்ற வயிறு, என்ன செய்யும்?

2007ஆம் வருடக் கணக்கில் போன் செலவு, ஜாதகமும் படமும் அனுப்ப எடுத்த இன்டர்நெட் செலவு எல்லாவற்றையும் தொழில் செலவென்று கழிக்கச் சொன்னார். முழுவதையும். பதுளை வரிக் கந்தோரில் அதிகாரி சுலோஜனா மிஸ் பில்லைப் புரட்டினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிரிக்கவே மாட்டார்.

“இதிலை சொந்தத் தேவைக்கு எடுத்தது எவ்வளவு, ஐயா?”

“ஒண்ணுமில்லைங்க மிஸ். எல்லாம் மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு.”

“ஒரு வருசமாச் சொந்தக்காரர் ஒருத்தரோடையும் கதைக்கேல்லையோ? பிள்ளையள் இல்லையோ?”

முருகையா கூரையைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

“மக இருக்கு. பேசுறதில்லைங்க.”

“அதை நான் எப்பிடி நம்புறது?” என்ற மிஸ், கால் பங்கைச் சொந்தப் பாவனை, அதாவது வீட்டுத் தேவை, என்று செலவுக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டார்.

“பேசாத பேச்சுக்கு வரி! அடுக்குமாய்யா இது?” என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கும் எரிச்சல்தான், ஆனால் மிஸ் மேல் இல்லை.

“பெத்த மகளோட பேசலைன்னா எந்த மனுசன் நம்புவான்?” என்று கேட்டே விட்டேன். 

வீட்டில் கருப்பம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். முருகையா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவளுக்குப் போனைப் போடு.”

“எவளுக்கு?”

“எத்தனை மக பெத்து வச்சிருக்க? கால் பங்கை வெட்டிப்புட்டாங்க. சும்மா விடவா? பேசித் தொலைப்போம்.”

கருப்பம்மா நம்பரைத் தேடவில்லை. மளமளவென்று அழுத்தி, ரிசீவரை அவரிடம் நீட்டினார்.

“நான்தான்,” என்றார் முருகையா. அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது.

“அழாத. அழுறதுக்கும் நிமிசக் கணக்குத்தான். பேசு.”

 நாற்பது நிமிடம் கழித்துத்தான் போனை வைத்தார். அதில் பேச்சு பத்து நிமிடம் இருக்கும்.

அடுத்த வருடம் சொந்தப் பாவனை பாதி என்று அவரே எழுதச் சொன்னார். மிஸ் நிமிர்ந்து பார்த்துக் காரணம் கேட்டார்.

“பேத்திக்கு இப்பதாங்க பேச்சு வருது. ஒரு வார்த்தை சொல்லி முடிக்கவே ரொம்ப நேரமாவுது.”