பிரிப்பதற்கென்று ஒரு தையல்

என் அக்கா தையல்காரி. அவள் கணவரும், அதாவது என் அத்தானும், அதே தொழில்தான். பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைத்தெருவே அவரைப் 'பிரி மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். மறதி நோய் வந்த நான்கு வருடத்தில் அக்காவின் பெயர் போனது, குளியலறை எந்தப் பக்கம் என்பதும் போனது. பிரிக்கிற கை மட்டும் போகவில்லை. அதுதான் வினையே.

அக்கா தைத்து மடித்து வைப்பதையெல்லாம் பிரித்துவிடுவார். நான் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி உட்கார்ந்துகொண்டு போனில் யோசனை சொல்வேன். அலமாரியைப் பூட்டு, கோபப்படாதே, நேரத்துக்குத் தூங்கு. ஊருக்கு உபதேசம் பண்ண என்னை விட்டால் ஆள் ஏது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

போன மாதம் ஒரு காலையில் அக்காவே கூப்பிட்டாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நான்கு சீருடைச் சட்டைகளின் கைகளைப் பிரித்து அழகாக அடுக்கி வைத்திருந்தாராம்.

"அடிச்சிட்டேன்டி. கன்னத்துல. ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டாரு. இன்னொரு தடவ கை நீட்டிருவேனோன்னு பயமா இருக்கு. நீ வா."

யோசனையை எல்லாம் போனோடு வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போனேன்.

அக்கா மெஷினில் உட்கார்ந்து பழைய போர்வைத் துண்டுகளை நீளநீளத் தையலாக ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். அவருக்குத்தானாம், பிரிப்பதற்கு. பிரித்து முடித்ததும் அதே துண்டுகளை மறுபடி தைத்துக் கொடுப்பாளாம். பகலில் பாதி நேரம் வாடிக்கைக்காரர்களுக்கு, மீதி நேரம் இதற்கு. மூன்று மாதமாக இதே கதை. முந்தின நாள் உடம்பு முடியாமல் விட்டுவிட்டாள். கைக்கு வேலை இல்லாமல் அவர் சீருடையைத் தேடிப் போயிருக்கிறார். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் எப்போது கேட்டேன், அவள் சொல்ல?

சண்டை போட்டு அவளை உள்ளறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நூல் அறாமல் உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர், திடீரென்று கதவைக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தம்மா ஒக்காரக்கூட நேரமில்லாம உழைக்குது. பாவம். அதுக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லையா?"



"ஒருத்தி இருக்கா, அத்தான்."

"வரச் சொல்லுங்க," என்றார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கேதான். போர்வைத் துண்டுகளை நான்தான் தைக்கிறேன். என் கோணல் தையலைப் பார்த்து மாஸ்டர் உதட்டைப் பிதுக்குகிறார், பிறகு பிரிக்கிறார். உள்ளே அக்கா தூங்குகிறாள்.