சமமில்லாத படிகள்

“கை வேலை உங்க வீட்டாளுகளுக்குத் தானா வந்துரும்மா. கணக்குத்தான் வருமான்னு பாக்கணும்.”

எம்.எஸ்ஸி. சேர்ந்த முதல் நாள், வகுப்பு முழுவதும் கேட்கும்படி எங்கள் துறைத் தலைவர் சொன்னது இது. என் அப்பா காரைக்குடியில் நகை செய்பவர். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை.

எழுபதுகள் முடியப்போகும் சமயம் அது. போன வருடம் கடைசிப் பருவத்து ஆய்வுக்கு டி.என்.ஏ.வின் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் அது முறுக்கிவிட்ட ஏணி. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஒரே அளவு திரும்பியிருக்கும். அந்தப் படம் நீண்ட இழைகளில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எடுத்தது. இழையில் தெரிவது எண்ணற்ற படிகளின் சராசரி மட்டும்தான். சராசரியில் யாருடைய முகமும் தெரியாது. அப்போதுதான் சில படிகளே உள்ள குட்டித் துண்டுகளைக் கற்கண்டு போலப் படிகமாக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஏணிப்படியில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளில் எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்துத் திருகலும் மாறுவதுபோல் தெரிந்தது.

அதை மாடலாகச் செய்தேன். பித்தளைக் கம்பி, தகரத் தகடு. ஒரு படி அதிகம் திரும்பும், அடுத்தது குறைவாகத் திரும்பும். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வரவிருந்தார். சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பது அவர் சொல்லில் இருந்தது.

தேர்வன்று காலை மாடல் மேலிருந்த துணியை எடுத்தேன். எல்லாப் படிகளும் ஒரே சீராக நின்றன.

“உங்கப்பாவை வரச் சொன்னேன்” என்றார் துறைத் தலைவர். “பாவம், வேலையைப் போட்டுட்டு வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. கோணலா வெச்சு வெளியாள் முன்னாடி எங்க மானத்தை வாங்கப் பாத்தியே.”

கையால் வளைத்துப் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு படியையும் நகையைப் பற்றவைப்பதுபோல் பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதி ஒட்டியிருந்தார். அசையவே இல்லை.

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். “இந்த மாடல் தப்பு சார்” என்றுதான் ஆரம்பித்தேன். கரும்பலகையில் என் ஏணியை வரைந்தேன்.

துறைத் தலைவர் சிரித்தார். “படிகத்துக்குள்ள அந்தத் துண்டுக ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டுக் கெடக்கும்மா. சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி பஸ்ஸுல ஏறிப் பாரு, நீயும்தான் கோணிக்கிட்டு நிப்ப. அதுக்காக உன் முதுகே கோணல்னு சொல்லலாமா?”

வேடிக்கை பார்க்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“நெருக்கல் இல்லேன்னு நான் சொல்லல சார். எது எழுத்தால வந்தது, எது நெருக்கலால வந்ததுன்னு தெரியணும்ல? அதே துண்டை வேற மாதிரி அடுக்கின படிகத்துல வெச்சுப் பாக்கணும். அங்கயும் அதே இடத்துல அதே திருகல் இருந்தா அது அதோட சொந்தத் திருகல். மாறிப் போச்சுன்னா நெருக்கல். பாக்காமலே நேராக்குனா ரெண்டும் தெரியாது.”

“யாராவது பாத்திருக்காங்களா?” என்றார் பேராசிரியர்.

“எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்.”

“யார் பாக்கப் போறா?”

“நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். “என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளாப்பா?”

அப்பா குறடைக் கீழே வைத்தார். “வாத்தியாரு ஆளனுப்பி, பிள்ளை கோணலாப் பண்ணியிருக்குன்னாக. ஒரு கண்ணி பெருசு, ஒரு கண்ணி சிறுசுன்னு சங்கிலி செஞ்சா நம்ம தெருவுல உருக்கிப் போட்ருவாக தாயி. எனக்குல்ல வெக்கமாப் போச்சு.”

“அது சங்கிலி இல்லப்பா!”

“பாத்தா சங்கிலி மாதிரிதான இருந்துச்சு?”

என் மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். அதனால் என் கோபம் குறையவில்லை, கூடியது. படித்தவரும் கேட்கவில்லை, பெற்றவரும் கேட்கவில்லை. கோணல் என்றால் கைப்பிழை என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்னையில் இடம் கிடைத்தது. “அங்க போனா மட்டும் நேராயிருவியாக்கும்?” என்றாள் அம்மா. பெட்டியை அடுக்கினேன்.

துறைத் தலைவர் அந்த மாடலைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார், வருகிறவர்களுக்குக் காட்ட. அடியில் என் பெயர். பஸ் ஏறும் முன் கல்லூரிக்குப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியைத் திறந்து என் பெயர்ச்சீட்டை மட்டும் கிழித்து எடுத்தேன். “என்னம்மா இது?” என்றார். “செஞ்சவுக பேரைப் போட்டுக்கங்க சார்” என்றேன்.

சென்னை ஆய்வகத்தில் இன்று காலை அதே எழுத்து வரிசையுள்ள டி.என்.ஏ. துண்டைத் துளியளவு எடுத்து, படிகம் இந்தத் தடவை வேறு மாதிரி அடுக்கட்டும் என்று, முதலில் படிகமாக்கியவர்கள் பயன்படுத்தாத வேறொரு உப்புக் கரைசலில் கரைத்து, கண்ணாடிக் குப்பியை மூடி, அதிராத மூலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.