பொறுக்கிப் போட்ட அரிசி

தானியப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு மூட்டை வெளியே போனதில்லை. சத்து சேர்த்த அரிசி வந்த பிறகு வேலை இன்னும் நுணுக்கமானது. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சத்துமணி. மாவில் இரும்புச்சத்தைப் பிசைந்து அரிசி மாதிரியே வார்த்தது. தட்டில் நூறு கிராமைக் கொட்டி அந்த மணிகளைக் கண்ணாலேயே தேடி எடுத்து நிறுக்க வேண்டும். ஒரு கிராம் தேறினால் மூட்டை பாஸ்.

முதலில் வந்த சத்துமணி அச்சு அசல் அரிசி நிறம். தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. தரக் குழு கருத்துக் கேட்டபோது சல்லடைதான் எழுதிக் கொடுத்தாள், மணி கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் பரிசோதிக்கச் சுலபம் என்று. ஆலைக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். வெள்ளையாக வார்ப்பதுதானே அவர்களுக்குச் சிரமம்! அந்த வரி தற்காலிகத் தரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவளுடைய தங்கை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மதியச் சமையல். நாற்பது பிள்ளைகள், அதில் தங்கை மகளும் ஒருத்தி. பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. சல்லடைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான் பாஸ் போட்ட அரிசியைத் தின்கிற பிள்ளைக்கா இந்தக் கதி என்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிச் சமையலறைக்கே போனாள்.

தங்கை தட்டில் அரிசியைப் பரப்பி, விரல் பறக்க மஞ்சள் மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டப்பா பாதி நிரம்பியிருந்தது.

"என்னடி பண்றே?"

"கெட்டுப்போன அரிசிக்கா. மூணு வருஷமா இப்படித்தான் வருது. பிள்ளைங்க வயித்துக்கு ஆகாதுன்னு ஒண்ணு விடாம எடுத்துடறேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். டப்பாவில் இருப்பது கோழிக்காம். மூட்டையில் சத்து அரிசி என்று எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைக் கிடங்கிலேயே பிரித்து, வெறும் பையில் அளந்தல்லவா கொடுத்தனுப்புகிறார்கள்! சல்லடை டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இனிமேல் ஒன்றையும் எடுக்காதே, காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள். அவளால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அதே வாரம் தரக் குழு கூடி நிரந்தரத் தரத்தில் கையெழுத்துப் போட இருந்தது. சமைக்கிறவர்கள் கெட்ட அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள், மஞ்சள் வரியை எடுங்கள் என்றாள் சல்லடை. தலைவர், முப்பது வருஷம் தானியத்தோடு காலம் தள்ளியவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நிறம் சத்தில் சேராது என்றார். மஞ்சள் வேண்டுமென்று கேட்டதே உங்கள் கூடம்தானே என்று வேறு குத்திக்காட்டினார்.

"நான்தான் சார் கேட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கேட்டேன். கண்ணுக்குத் தெரியலைன்னா ஒரு சொட்டு மருந்து விட்டாச் சத்துமணி சிவந்துடும். எங்களுக்கு வேலை கூடும், கூடட்டும்."

அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த திருத்தம் எப்போது? ஐந்து வருஷம் கழித்து! அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் உடம்பில் ரத்தம் காத்துக்கொண்டு இருக்குமாக்கும். நாக்கு நுனி வரை வந்ததைச் சல்லடை விழுங்கிக்கொண்டாள். ஏனென்றால் அவர் முன்னால் சத்து அரிசி பரப்பிய மாதிரித் தட்டு இருந்தது, அவருடைய கையும் சும்மா இருக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கான நியாயத்தை வாய் அடுக்க அடுக்க, விரல் ஒவ்வொரு மணியாக ஓரத்துக்குத் தள்ளியது. அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"சார், ஓரத்துல ஒதுக்கி வெச்சிருக்கீங்களே, அது என்ன?"

அவர் குனிந்து பார்த்தார். பதினெட்டு மணி, அத்தனையும் மஞ்சள். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள்.

அந்த வரி அன்றைக்கே அடிபட்டது. சத்துமணி பார்வைக்கு அரிசியிலிருந்து வேறுபடக் கூடாது என்று புது வரி ஏறியது. தலைவரின் ஆலோசனைப்படி என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள், வெட்கம்கெட்டவர்கள்.

சல்லடை நேராகத் தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் பொண்ணோட ரத்தத்தை என் கையாலயே பொறுக்கிக் கோழிக்குப் போட்டேனாக்கா?"

"நீ பொறுக்கினே. பொறுக்கறதுக்கு வசதியா நிறம் கேட்டு வாங்கினவ நான்" என்றாள் சல்லடை.