பன்னிரண்டு காதுகளும் இரண்டு வரித் தனிப்பாட்டும்

இனிகோவிடம் மொத்தம் பதினேழு குறிப்பேடுகள் இருந்தன. ஒன்றில் மின்வெட்டு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும். ஒன்றில் காலை எட்டு பத்துக்கு வரவேண்டிய பேருந்து உண்மையில் வந்த நேரம். இன்னொன்றில் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம், வாரம் ஒருமுறை, கயிற்றில் போட்ட முடிச்சுகளின் கணக்கில். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வக உதவியாளராக இருக்கும் இருபத்தேழு வயது இளைஞனுக்கு இது தொழில் சார்ந்த பழக்கம் என்பது அவனுடைய கட்சி. அவனுடைய அம்மா சகாயராணியின் கட்சி வேறு.

"இவன் பொண்ணு பாக்கப் போனாக்கூட ஒரு பாரத்த நீட்டி, இத நெரப்பிக் குடும்மான்னுதான் கேப்பான்."

அப்படியொரு படிவத்தின் முதல் வரைவு பதினான்காம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்ததை அவளிடம் சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை.

ஆறாவது குறிப்பேடுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. அது பங்குக் கோயில் பாடகர் குழுவின் வருகைப் பதிவேடு. பதினோரு ஆண்டுகளாக அதை எழுதி வருபவன் இனிகோ. அம்மை போட்டிருந்த இரண்டு ஞாயிறுகளைத் தவிர அவன் பெயருக்கு எதிரே ஒரு 'இல்லை' கிடையாது. ஆய்வகத்தில் அவனைத் "தம்பி, அந்த வயர எடு" என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் சகாயராணி மகன். பாடகர் குழுவில் மட்டும் அவன் இனிகோ. மூன்றாம் வரிசையில், தபேலாவுக்கு அருகில், அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு.

இந்த ஆண்டு அதற்கும் மேலே ஒன்று கிடைத்தது. டிசம்பரில் நடக்கும் கிறிஸ்துமஸ் பாடல் போட்டிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டின் நடுவில், ஆண் குரலில் இரண்டு வரித் தனிப்பாட்டு வரும். அதைப் பாட வேண்டிய ஞானராஜ் வேலை கிடைத்துத் திருப்பூர் போய்விட்டார். குழுவை நடத்தும் புஷ்பமேரி டீச்சர், கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிகோ, அந்த ரெண்டு வரிய நீயே பாடிரு" என்றார். பதினோரு ஆண்டுகளில் முதல் தடவை. அன்று இரவு பதினெட்டாவது குறிப்பேடு ஒன்றை வாங்கலாமா என்று கூட அவன் யோசித்தான். அந்த இரண்டு வரிகளைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எத்தனை முறை பாடினான் என்பதற்குத் தனிக்கணக்கு வைத்தான். நவம்பர் பாதியில் அது நூற்றுநாற்பத்தாறில் இருந்தது. எத்தனை முறை சரியாகப் பாடினான் என்று ஒரு பத்தி போட அவனுக்குத் தோன்றவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிராங்க்ளின் கழுத்தில் ஒரு ஹெட்போனோடு வந்தான்.

பிராங்க்ளின் பிளஸ் ஒன் படிப்பவன். ஹெட்போன் அவனுடைய சித்தப்பா மகனுடையது. கறுப்பு உடம்பு, ஓரத்தில் தங்க வளையம், விளம்பரத்தில் ஆடுபவர்கள் மாட்டிக்கொண்டு வரும் வகை. அது காதில் இருந்த நேரத்தைவிடக் கழுத்தில் இருந்த நேரமே அதிகம். குழுவின் ஆறு பிள்ளைகளும் அதை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இதையேதான் கேட்பது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இனிகோவும் மாட்டிப் பார்த்தான். வாத்தியங்களின் அடித்தளச் சத்தம் முழுவதும் ஊதிப் பெருத்து, பாடுபவர் பக்கத்துத் தெருவிலிருந்து பாடுவதுபோல் கேட்டது.

"இதுல பாட்டே கேக்கலயேடா. இடி மட்டுந்தான் கேக்குது."

"அதுக்குத்தானண்ணே வாங்குறது" என்றான் பிராங்க்ளின்.

அடுத்த ஞாயிறு இனிகோ தன்னுடையதைக் கொண்டுபோனான். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுத்தும் ரகம். மூன்று மீட்டர் வயர், சாம்பல் நிறத் துணி உறை, எந்தப் பக்கம் பார்த்தாலும் அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லாத தோற்றம். வாங்குவதற்கு முன் ஏழு மாதம் படித்து, பதினோராம் குறிப்பேட்டில் நான்கு பக்க ஒப்பீட்டு அட்டவணை போட்டு வாங்கியது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அண்ணே, இது பழைய மிக்ஸி மூடியா?" என்று கேட்டாள் பிளஸ் டூ படிக்கும் தமிழ்நிலா.

"இல்லடி, ஹெலிகாப்டர் ஓட்டுறவங்க போடுவாங்கள்ல, அது" என்றாள் பத்தாம் வகுப்பு கிளாரா.

"வயரப் பாருலே. இத மாட்டிட்டு பஸ்ஸுல ஏறுனா கண்டக்டர் துணி காயப்போட்டுருவாரு."

இனிகோ கோபப்படவில்லை. கேலிக்குப் பதில் சொல்ல அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். அவன் ஒரு சோதனையைத் திட்டமிட்டான். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே வர வேண்டும். கண்ணைக் கட்டிவிட வேண்டும். 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று என்று இரண்டு ஹெட்போனிலும் ஒரே பாட்டை, ஒரே சத்த அளவில் கேட்க வேண்டும். எது எது என்று தெரியாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பாட்டு என்பதற்கும் அவனிடம் விடை இருந்தது: பிள்ளைகளுக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்த பாட்டாக இருந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். ஆகவே, நவம்பர் பதினாறாம் தேதி ஒத்திகையில் தானே பதிவு செய்திருந்த போட்டிப் பாட்டையே எடுத்துக்கொண்டான். அந்தப் பதிவு அவனுக்குப் பெருமையானது. பதிவுக் கருவியை ஒரு முக்காலியில் வைத்து, அதன் ஒலி அளவுக் கோடு எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காக, பாட்டு முடியும்வரை அதற்கு இரண்டடி தள்ளியே நின்று பாடினான். பிறகு கோடு எங்கும் சிவப்பைத் தொடவில்லை என்பதைச் சரிபார்த்து, தேதி எழுதி வைத்துவிட்டான். கேட்கவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயிலை ஒட்டிய கூடத்தில் சோதனை. கண் கட்டுவதற்கு அம்மாவின் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஆறு துண்டுகளாகியிருந்தது. பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஆறு பிரதி அச்சிட்டு, ஆறு பேனாவும் வைத்திருந்தான். முதலில் வந்தவள் தமிழ்நிலா. கண்ணைக் கட்டி உட்கார வைத்து, கையில் பேனாவைக் கொடுத்தான்.

"அண்ணே."

"என்னம்மா?"

"கண்ணக் கட்டிட்டு எப்புடிண்ணே எழுதுறது?"

பன்னிரண்டு கேள்விகளை மூன்று முறை திருத்தி எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிள்ளைகள் வாயால் சொல்வது, அவன் எழுதுவது என்று முறை மாறியது.

தமிழ்நிலா முதலில் தங்க வளையத்தைக் கேட்டாள், தலையை ஆட்டினாள். அடுத்து மிக்ஸி மூடியைக் கேட்டாள். தலையாட்டம் நின்றது. சிறிது நேரம் கழித்து, "அய்யோ, கிளாரா மூச்சு விடுறதுகூடக் கேக்குதுண்ணே!" என்றாள். இனிகோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பதாம் கேள்விக்கு எதிரே 'மிக நுட்பம்' என்று எழுதினான்.

"வேற ஏதாச்சும் கவனிச்சியா?"

"ம்... ஒரு ஆம்பளக் குரல் மட்டும் தனியாப் போகுது. சுருதி எறங்கி எறங்கிப் போகுது. எல்லாரும் மாடியில நிக்கும்போது அவரு மட்டும் படியில நிக்கிற மாதிரி."

நல்ல உவமை என்று நினைத்து அதையும் அப்படியே எழுதிக்கொண்டான்.

இரண்டாவதாக வந்த கிளாராவும் மிக்ஸி மூடியான 'ஆ'வையே தேர்ந்தெடுத்தாள். அவளும் அந்தக் குரலைச் சொன்னாள். மூன்றாவது பிள்ளை, "தனிப்பாட்டுல ரொம்பத் தெரியுதுண்ணே" என்றது. இனிகோவின் பேனா அங்கே நின்றது. தனிப்பாட்டு என்றால் ஒரே ஆள்தான். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் மற்ற ஆண்கள் முணுமுணுப்பாக இசை கூட்டுவார்கள்; அவர்களில் யாராவது இருக்கலாம். அவன் மனம் அந்த முணுமுணுப்பை இறுகப் பிடித்துக்கொண்டது. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, மிக்ஸி மூடியைத் தன் காதில் மாட்டி, முதல் தடவையாகப் பதிவைக் கேட்டான்.

ஏழு மாத ஆராய்ச்சி வீண்போகவில்லை. எதையும் மறைக்காத ஹெட்போன் அது. தபேலாவின் தோல் அதிர்வது கேட்டது, மின்விசிறி கேட்டது, இரண்டடி தூரத்திலிருந்து, தடுப்பு எதுவும் இல்லாமல், நிம்மதியாகச் சுருதியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இனிகோவும் கேட்டான். நூற்றுநாற்பத்தாறு தடவை குளியலறைச் சுவர்கள் பாராட்டிய அதே குரல்.

மீதி மூன்று பேரையும் சோதிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஆறு பேர் என்று படிவத்தின் தலைப்பில் அச்சாகியிருந்தது. ஆகவே அதே தீர்ப்பை இன்னும் மூன்று முறை, தன் கையெழுத்திலேயே, பிழையில்லாமல் எழுதினான். கடைசியாக வந்த பிராங்க்ளின் 'ஆ'வைக் கழற்ற மறுத்து, பாட்டை இரண்டாம் தடவை கேட்டான். ஆறுக்கு ஆறு. இவ்வளவு முழுமையான வெற்றி இனிகோவின் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

பிள்ளைகள் கட்டு அவிழ்ந்த கண்களோடு ஒன்றாகக் கூடினார்கள்.

"யாருலே அது? படியில நிக்கிற ஆளு?"

"வேற யாரு, தனிப்பாட்டுக்குப் பின்னால முணுமுணுக்கிறாருல்ல, சேவியர் ஐயாதான். அவருக்குத்தான் தொண்ட கரகரன்னு இருக்கும்."

"போன வருசம் நாலாவதா வந்ததுக்கும் அவருதான் காரணமா இருக்கும். டீச்சர்ட்டச் சொல்லிருவோம். இந்த வாட்டி அவரு செத்த நேரம் கீழ உக்காந்துக்கிறட்டும்."

சேவியர் ஐயாவுக்கு அறுபத்து மூன்று வயது, அடிக்குரல் பாடுபவர். பேச்சு முடிவதற்குள் புஷ்பமேரி டீச்சரும் அவரும் ஒத்திகைக்காக உள்ளே வந்துவிட்டார்கள். பிராங்க்ளின் விஷயத்தைச் சொல்லி, தன் தீர்ப்பையும் சொன்னான். டீச்சர் இனிகோவைப் பார்த்தார்.

சேவியர் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானாப்பு? இருக்கும். வயசாச்சுல்ல. போட்டியில நான் வேணா ஒதுங்கிக்கிறேன். அதுக்கென்ன."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் போட்டிக்கென்று புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகப் போன வாரம் அவர் எல்லோரிடமும் சொன்னது இனிகோவுக்கு நினைவிருந்தது. நினைவிருக்கும், எழுதி வைத்திருந்தான்.

ஆறாவது குறிப்பேடு அவன் மடியில் இருந்தது. நவம்பர் பதினாறாம் தேதிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திறக்காமலே அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஏட்டைப் பதினோரு ஆண்டுகளில் அவனைத் தவிர ஒருவர்கூடப் புரட்டியதில்லை. ஒரு பக்கம். அதைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வரியும் மேடையும் தன்னிடமே இருக்கும். பதிவேடு எழுதுகிறவன் ஏன் எழுதுகிறான் என்ற கேள்வியை அவன் அதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. இப்போதும் கேட்க நேரம் இல்லை. சேவியர் ஐயா துண்டை மடித்துத் தோளில் போட்டுவிட்டு, வெளியே போய் உட்காரலாமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிகோ ஏட்டைத் திறந்து, ஆய்வக அறிக்கை வாசிக்கும் குரலில் வாசித்தான். "இந்தப் பாட்டைப் பதிவு செய்த நாள், நவம்பர் பதினாறு. வந்தவர்கள் பதினான்கு. வராதவர்கள் ஒருவர். சேவியர். காரணம், அகரத்து வயலில் கடலை பிடுங்கும் வேலை."

பிராங்க்ளின் அன்று வந்திருந்த ஆண்களை விரல்விட்டு எண்ணினான்.

"அப்ப அந்த ரெண்டு வரியில..."

"நான்தான்."

"அண்ணே," என்றான் பிராங்க்ளின், குரலைத் தணித்துக்கொண்டு, "என்னோட தங்க வளைய ஹெட்போன்ல இது தெரியவேயில்லண்ணே. இடியில மறஞ்சு போச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னான். கிளாரா முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. இனிகோவாலும் முடியவில்லை.

"எனக்குப் பதினோரு வருசமாத் தெரியும்ப்பா" என்றார் புஷ்பமேரி டீச்சர். "அதுனாலதான ஒன்னயத் தபேலாப் பக்கத்துல உக்கார வச்சேன்."

"அப்பறம் எதுக்கு டீச்சர் இந்த ரெண்டு வரிய..."

"ஒருத்தருக்குக் குடுக்கணும். யாருக்குன்னு யோசிச்சேன். அம்ம போட்டப்பத் தவிர நீ ஒரு நாளும் வராம இருந்ததில்லைன்னு நெனச்சேன்."

பதினோரு ஆண்டு வருகையே அவனுக்குத் தனிப்பாட்டை வாங்கித் தந்திருந்தது. அந்த வருகைப் பதிவேடே அதைத் திரும்பவும் எடுத்துக்கொண்டது.

இரண்டு வரி பிராங்க்ளினுக்குப் போனது. தினமும் மாலை அவன் இனிகோவின் வீட்டுக்கு வந்து, மிக்ஸி மூடியை மாட்டிக்கொண்டு தன் பதிவைத் தானே கேட்டுத் திருத்தினான். கிறிஸ்துமஸுக்கு அதே ரகத்தை வாங்கித் தரும்படி வீட்டில் சண்டை போட்டு வாங்கினான். அதற்குப் பிறகு அவன் தொல்லை தாங்க முடியவில்லை. பூசையில் யார் சுருதி தப்பினாலும் திரும்பிப் பார்த்தான், சாமியாரையும் சேர்த்து. தமிழ்நிலா தங்க வளையத்தையே வாங்கினாள். "கேக்குறதுக்கு ஒங்க வீட்டு மூடி இருக்குல்லண்ணே. எனக்கு பஸ்ஸுல போட ஒண்ணு வேணும்ல." சோதனையின் முடிவுரையில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று இனிகோவுக்குப் புரியவில்லை.

போட்டியன்று சேவியர் ஐயா புதுச் சட்டையில் வந்தார். இனிகோ வழக்கமான இடத்தில், தபேலாவுக்கு அருகில் நின்றான். உதட்டை மட்டும் அசைப்பது என்று முடிவு செய்து வந்திருந்தான். பிராங்க்ளினின் இரண்டு வரி மேலே போய், அங்கேயே நின்றது. கூட்டுப் பாட்டு திரும்பத் தொடங்கும்முன், தன் இடத்துக்குத் திரும்பிய பிராங்க்ளின் அவன் பக்கமாகச் சாய்ந்தான்.

"அண்ணே, சும்மா வாயாட்டாதீங்க. பாடுங்க. தபேலா இன்னிக்கு நல்லாச் சத்தமாத்தான் இருக்கு."

இனிகோ பாடினான். மூன்றாம் இடம் கிடைத்தது. அன்றைய வருகைப் பதிவேட்டில் பதினைந்து பெயர்களுக்கு எதிரேயும் 'வந்தார்' என்று இருக்கிறது. ஒலிப்பதிவு மட்டும் இல்லை. கருவியை அவன் அணைத்தே வைத்திருந்தான். காரணம் என்ற பத்தியை நிரப்பவில்லை.