பச்சை வரும்வரை

என் மகள் அந்த மாதங்களில் வலியில் அழுதாளா, பிடிவாதத்தில் அழுதாளா? மருத்துவர்களிடம் கேட்டுவிட்டேன். கணவரிடம் கேட்டுவிட்டேன். ஆள் இல்லாத நேரத்தில் அவளிடமே கேட்டிருக்கிறேன். அவளுக்கு நான்கு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. மற்றவர்களுக்கும் பதில் தெரியவில்லை.

பிறக்கும்போது மூச்சு முட்டி, மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்பட்ட குழந்தை அவள். கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். தினமும் அவற்றைப் பிரித்து, தொடையை வெளிப்பக்கமாக விரித்து, சற்று நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் பிற்பாடு உட்காரக்கூட முடியாது என்று சொல்லியிருந்தார்கள். சென்னையில் இருந்தவரை ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மையார் அதைச் செய்தார். பிறகு என் கணவருக்கு வியட்நாமில், வுங் டாவுக்கு அப்பால் கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை கிடைத்தது. சைகோனுக்கு வந்து கான் ஹொய்யில் ஒரு அடுக்குமாடியில் குடியேறினோம்.

இங்கே பிசியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழந்தையின் காலை எப்படிப் பிடிப்பது என்பதைப் பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் கற்றுக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சென்னைக்காரரையே தொடர்ந்தோம். அவர் கூரியரில் ஒரு பட்டை அனுப்பினார். அதைத் தொடையில் சுற்றிவிட்டால், கால் எவ்வளவு விரிகிறது என்பதைப் பட்டை அளந்து கைபேசிக்குச் சொல்லும். திரையில் ஒரு வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, போதுமான அளவு விரிந்ததும் பச்சையாகும். அந்தக் கணக்கு அப்படியே சென்னைக்குப் போய்விடும். கடலில் இருக்கும் என் கணவரின் கைபேசிக்கும் போகும். அங்கே இணையம் கிடைக்கும் நேரத்தில் அவர் பச்சையைப் பார்த்துவிட்டுக் கைதட்டும் படம் அனுப்புவார்.

முதல் வாரங்களில் அவள் அலறினாள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் வியட்நாமியப் பெண் நான் பாயை விரித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுவார். பாத்திரம் ஒன்றும் இருக்காது, தண்ணீர் மட்டும் கொட்டும். பட்டையைக் கழற்றியதும் குழந்தை அந்தப் பெண் இருக்கும் திசையில்தான் கைகளை நீட்டுவாள். அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். நான் பாயைச் சுருட்டுவேன்.

சனிக்கிழமைதோறும் சென்னையோடு வீடியோவில் பேச வேண்டும். அன்று மகளுக்குத் தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல கவுனாகப் போடுவேன். டாக்டரிடம் போகும்போது அப்படித்தானே கூட்டிப்போவோம். பெண் குழந்தையை அரையாடையோடு கேமரா முன்னால் படுக்கவைக்கவும் மனம் வரவில்லை.

"அடேயப்பா, இன்னைக்கு யார் வீட்டுக் கல்யாணம்டா தங்கம்?" என்பார் பிசியோ.

"ரொம்ப அழுறா மேடம்."

"அழட்டும்மா. இந்த வாண்டுங்கல்லாம் நம்மள வித்துட்டு வந்துடும். நீங்க இளகிட்டீங்கன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான்."

நான் இளகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். போகப் போக அழுகை குறைந்தது. வட்டமும் சீக்கிரமே பச்சையானது. "இப்பல்லாம் நல்லா ஒத்துழைக்கிறா மேடம்" என்று நானே பெருமையாகச் சொன்னேன். அவளோ பாயைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் கணவர் விடுப்பில் வந்திருந்தார். துவைத்தது எதுவும் காயவில்லை. அன்று குழந்தையை டயப்பரோடு மட்டும் படுக்கவைத்துப் பட்டையைச் சுற்றினேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் காலை விரித்தேன்.

"இரு, இரு. இடுப்பு தூக்குது பாரு."

"காலப் பிரிச்சா தூக்கத்தாங்க செய்யும்."

"இப்பிடியா? அவளே தூக்கித் தர்றா."

உள்ளங்கையை இடுப்பில் வைத்து அவர் மெல்லப் பாயோடு அழுத்திக்கொண்டார். "இப்ப விரி."

வட்டம் சிவப்பிலேயே நின்றது. மஞ்சள்கூட வரவில்லை. அவள் ஓர் அலறல் அலறினாள். அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருந்தேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். முதல் வாரங்களில் கேட்டிருக்கலாம்.

அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். "தினம் இப்பிடித்தான் கத்துவாளா?"

"இப்பல்லாம் கத்துறதே இல்லங்க."

"அதத்தான் கேக்கறேன். ஏன் கத்துறதில்ல?"

நான் பட்டையைக் கழற்றினேன்.

"நான் வேற அங்க உக்காந்துக்கிட்டு தினமும் கை தட்டியிருக்கேன்" என்றார்.

தொடை தரையிலிருந்து எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது மட்டுமே அந்தப் பட்டைக்குத் தெரியும். இடுப்பைத் தூக்கிக் கொடுத்தால், மூட்டு விரியாமலே தொடை சாய்ந்துவிடும், வட்டம் பச்சையாகிவிடும், அம்மா கையை எடுத்துவிடுவாள். என் மகள் இதைக் கண்டுபிடித்திருந்தாள். வாயால் சொல்ல முடியாதவள் அப்படி ஒரு வழி செய்துகொண்டாள். சென்னைத் திரையில் கவுனுக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் ஒரு பக்கத்து இடுப்பு மூட்டுப் பந்து கிண்ணத்தை விட்டுப் பாதிக்குமேல் நழுவியிருந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் மூட்டு தானாகவே நழுவுவது உண்டு, அதற்காகவே அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள் என்றார் மருத்துவர். ஊர் மாறிய அலைச்சலில் எங்களுக்கு அது விட்டுப்போயிருந்தது.

"நான் இழுத்ததுனால ஆச்சா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது என்றார். அவர் ஆங்கிலம் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் நான் இரண்டாம் முறை கேட்டேன். அதே பதில்தான்.

சென்னைக்குச் சொன்னேன். "இடுப்ப நான் பாத்திருக்கணும்மா. அது என் வேலை, உங்க வேலை இல்ல" என்றார். நல்ல மனுஷி. எனக்கு ஆறுதலாக இல்லை. கவுனைப் போட்டவள் நான்தானே. கழற்றச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. தோன்றியதும் அவருக்காக வருத்தப்படுகிறேன்.

வரும் டெட் புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும் அறுவை சிகிச்சை. சில வாரங்கள் மாவுக்கட்டு. அதைப் பிரித்தபின் மறுபடியும் தினசரிப் பயிற்சி, பல மாதங்களுக்கு. இந்த முறை தொடைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு பட்டைகள். அதை யார் செய்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு முட்டி நிற்கிறது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஆள் வரச்சொல்லலாம். அந்த நேரத்துல நீ கீழ போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வா. அவளுக்கு அம்மாவா மட்டும் இருந்தாப் போதும்" என்கிறார் கணவர்.

பிசியோவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்கிறார். "வெளியாளு ஒரு நாள் வருவாங்க, மறுநாள் போன எடுக்க மாட்டாங்க. வலின்னா மொதல்ல தெரியறதும் உங்களுக்குத்தாம்மா."

எனக்கா தெரிந்தது?

இப்போது பயிற்சி எதுவும் இல்லை. ஆனாலும் டயப்பர் மாற்ற அவள் முழங்காலில் கை வைத்தால் உடம்பு முழுவதும் விறைத்துக்கொள்கிறது. என் முகத்தையே பார்க்கிறாள். அந்த வியட்நாமியப் பெண் மாற்றினால் விறைப்பதில்லை.

இப்படி ஒரு குழந்தைக்குத் தங்கள் கையாலேயே பயிற்சி கொடுத்த பெற்றோர் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நீங்களே செய்தீர்களா, வேறொருவரிடம் விட்டீர்களா? விட்டிருந்தால், அது ஒழுங்காக நடந்ததா, குழந்தை உங்களிடம் திரும்பி வந்ததா? இன்னொரு கேள்வி, பெற்றோருக்கு இல்லை. சிறு வயதில் அம்மா பிடித்து இழுத்த கால்களோடு வளர்ந்து, இன்று இதைப் படிக்கிற யாராவது இருந்தால், அந்த நேரத்தில் உங்கள் அம்மாவை என்னவென்று நினைத்தீர்கள்? என் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம். கட்டுப் பிரிப்பதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.