இழைக்குள் குடியிருப்பவை

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், காளான் வித்து தயாரிக்கும் ஒரு கூடத்தில் எனக்கு வேலை. சிப்பிக்காளானின் தாய் வித்தை வளர்த்து, கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிரியல் படித்தவள் நான். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலைக்குப் போகிறவர். அவருக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்.

ஒருநாள் மேலாளர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். காளானின் வெள்ளை இழைக்குள் பாக்டீரியா. என் கை சுத்தமில்லை என்று பேக்கிங் பெண்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார். அதோடு விட்டாரா? "உங்க ஊடு ஊர்லயா, காலனிலயா?" என்றும் கேட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கையிலிருந்து வந்திருந்தால் வித்து வளரும் தட்டு முழுக்கப் பரவி நாறியிருக்கும். இவை இழைக்கு உள்ளேயே பெருகி உள்ளேயே வாழ்கிறவை, எடுத்தால் காளானுக்குத்தான் நஷ்டம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆன்டிபயாடிக் போட்டு இழையைச் சுத்தம் செய்யவும், பழைய தாய் வித்தைக் குப்பையில் கொட்டவும் சொன்னார். கொட்ட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளினார். வேலையே போனாலும் சரி, அந்தப் பழியைச் சுமக்க நான் தயாராக இல்லை.

பழைய வித்து ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது. நான் தொட்டதைக் கொட்டுவதற்குக்கூட அவர் தொடவில்லை. அதனாலேயே அது பிழைத்தது.

வேறொருவரை வைத்து அதில் ஒரு துணுக்கை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்த வித்து வைக்கோலில் வெள்ளை வெளேரென்று படர்ந்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் காளான் வளர்க்கும் ஓர் அம்மா, வைக்கோல் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்துவிட்டார்.

"இன்னா சார் இது, பஞ்சு மாரி கீது. ஒரு காளான்கூட வரல. மின்ன குடுத்தது நல்லாத்தான வந்துச்சு?"

மறுநாள் மேலாளர் பேக்கிங் மேசைக்கே வந்தார். பழைய வித்தை எடுத்து வளர்க்கும்படி, நேற்றுவரை எதுவுமே நடக்காதது போலச் சொன்னார்.

"என் கை சுத்தமில்லன்னு இவங்க எல்லார் எதிர்லயும் சொன்னீங்க சார். அது தப்புன்னும் இவங்க எதிர்லயே சொல்லுங்க. அப்பால வளக்கிறேன்."

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றேன்.